புதுப்பிப்பு: ஏற்காட்டுக் குளிரில் அணைந்துபோன போன், பேட்டரி மாற்றியதும் சரியானது

ஏற்காட்டில் விடியற்காலைக் குளிரில் 30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் அணைகிறது, சேலத்துக்கு இறங்கி வந்தாலும் ஆமை வேகம்தான் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ரீசெட் வேண்டாம், பேட்டரி ஹெல்த்தைப் பாருங்க" என்றவர் சொன்னதே சரி. புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதுதான் இந்த ஹெல்த்; எனக்கு 74 சதவீதம்தான் காட்டியது. பேட்டரி பழசானால் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, கூடும். குளிரில் இன்னும் ஏறும். நிறைய மின்சாரம் இழுக்கும் கேமராவைத் திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து போன் அணைகிறது. அதைத் தடுக்கத்தான் மென்பொருள் பிராசசரின் வேகத்தைக் குறைக்கிறது. ஐபோன்களில் இப்படிச் செய்வதை ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. என்னுடையது வேறு கம்பெனி, கதை அதேதான்.

சர்வீஸ் சென்டரில் போனின் முக்கிய சர்க்யூட் போர்டையே மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசுக்குப் புது போனே வாங்கலாம்! அப்புறம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பேட்டரியை மட்டும் மாற்றினேன். வேகம் உடனே திரும்பிவிட்டது, மலையிலும் அணையவில்லை.

எதிர்பாராதது ஒன்று: இப்போது "அசல் பாகம் அல்ல" என்ற எச்சரிக்கை வருகிறது, ஹெல்த் சதவீதமும் மறைந்துவிட்டது. மற்றபடி குறையில்லை. இதே மாதிரி போர்டு மாற்றச் சொன்னால், நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பழுதுநீக்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளமும் இருக்கிறது.