அண்மையில் பார்த்த படங்கள்: விடாமல் துரத்தும் ஒரே ஒரு காட்சி

நள்ளிரவு ரசிகை

'எ செப்பரேஷன்' பார்த்துவிட்டேன். அஸ்கர் ஃபர்ஹாதியின் 2011ஆம் ஆண்டுப் படம். பார்க்காதவர்கள் என் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள். நான் பேச வந்ததே கடைசிக் காட்சியைப் பற்றித்தான்.

அப்பாவோடு இருக்கப்போகிறாயா, அம்மாவோடு போகப்போகிறாயா என்று, பிரியப்போகும் தம்பதியின் மகள் தெர்மேயிடம் நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டதாக அவள் சொல்கிறாள். பெற்றோரை வெளியே காத்திருக்கச் சொல்கிறார்கள். தாழ்வாரத்தில் அப்பா நாதர் ஒரு பக்கம், அம்மா சிமின் மறுபக்கம், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. யார் யாரோ குறுக்கே போகிறார்கள், வருகிறார்கள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. படம் முடிந்துவிட்டது!

எனக்குக் கோபம் தாங்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணோடு கூடவே நடந்து வந்தவள் நான். அப்பா சிறைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவள் விசாரணையில் பொய் சொல்கிறாளே, அந்த இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படி என்னைக் கட்டிப்போட்டுவிட்டு, அவள் வாயிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லை மட்டும் எனக்குத் தராமல் போவது என்ன நியாயம்? படம் மிக உயர்ந்த படம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உயர்ந்த படம் என்பதால்தான் இத்தனை ஆத்திரம். சுமாரான படமாக இருந்தால் மறந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

கடைசி வரிசை

எனக்கு அந்த ஆணி.

'எ கொயட் பிளேஸ்' பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஓசை கேட்டால் வந்து கிழித்துப் போட்டுவிடும் உயிரினங்கள், மூச்சை அடக்கி வாழும் குடும்பம், நிறைமாதக் கர்ப்பிணியான தாய். அவள் துணி மூட்டையை இழுத்துக்கொண்டு படியேறுகிறாள். மூட்டை ஓர் ஆணியில் மாட்டுகிறது. இழுத்த வேகத்தில் ஆணி செங்குத்தாக நிமிர்ந்துகொள்கிறது. அவள் கவனிக்காமல் போய்விடுகிறாள். நாம் கவனித்துவிட்டோம். அந்த நொடியிலிருந்து படம் முழுக்க என் கண் அந்தப் படியில்தான் இருந்தது.

பிரசவ வலியோடு அவள் அதே படியில் வெறுங்காலோடு இறங்கி வருவாள். கால் பதியும். கையிலிருந்த புகைப்படச் சட்டம் விழுந்து உடையும். வாயைத் திறந்து கத்தக்கூட முடியாது. நான் என் பாதத்தை இழுத்துக்கொண்டு நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னைத் துரத்துவது அந்த வலி அல்ல. அத்தனைக்கும் பிறகு அந்த ஆணியை யாருமே பிடுங்கவில்லை! எத்தனை பேர் அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்கள்! அது அங்கேயே நிற்கிறது. இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

பழைய ரீல்

நள்ளிரவு ரசிகைக்கு ஒரு வார்த்தை. தெர்மே யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்று தெரிந்துகொண்டால் என்ன செய்திருப்பீர்கள்? அப்பா என்றால் அம்மாவுக்காக வருந்துவீர்கள், அம்மா என்றால் அப்பாவுக்காக வருந்துவீர்கள். பிறகு கணக்கு முடிந்தது என்று எழுந்து போய்விடுவீர்கள். பதினொரு வயதுப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்குப் பெரியவர்கள் வந்துவிட்டார்களே, கொடுமை அங்கே இருக்கிறது. பதில் எதுவாக இருந்தாலும் அந்தக் கொடுமை மாறாது. படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்தே வழக்காடுகிறார்கள், நீதிபதியின் முகம் தெரிவதில்லை. அங்கே நம்மை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்த இயக்குநர், முடிவில் அதே நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புகிறார். நாமும் அந்தத் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டியவர்கள்தான். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

முடிவு சொல்லாமல் விட்டதற்குக் கோபப்படுகிறீர்கள். முடிவைத் தெளிவாகச் சொன்ன பிறகும் தூங்கவிடாத படம் உண்டு. 'உதிரிப்பூக்கள்' மறுபடியும் பார்த்தேன். மகேந்திரன், 1979. சுந்தரவடிவேலுவை ஊரே திரண்டு ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அவன் செய்த அக்கிரமங்களுக்கெல்லாம் நாமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆற்றில் இறங்கும் முன் திரும்பி நின்று, இத்தனை நாளும் நல்லவர்களாக இருந்த உங்களை இன்றைக்கு என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் அவன் பேசும்போது நம் கோபம் அப்படியே கையில் நின்றுவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பெற்ற பிள்ளைகள் இரண்டும் கரையில் நிற்கின்றன. தண்டனை அவனுக்கா, அவற்றுக்கா?

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்த படம் என்பார்கள். கதையைப் படித்துவிட்டுப் பார்த்தால் மகேந்திரன் எவ்வளவு தூரம் தனியாக நடந்து போயிருக்கிறார் என்பது தெரியும்.

ஒளிப்பதிவுப் பித்தன்

'12 ஆங்ரி மென்' பார்த்தேன். சிட்னி லூமெட், 1957. ஓர் அறை, தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர், ஒரு கொலை வழக்கு. தொடக்கத்தில் காமிரா கண்மட்டத்துக்கு மேலே இருந்து பார்க்கும், அறை விசாலமாகத் தெரியும். போகப் போகக் காமிரா கீழே இறங்கும், லென்ஸ் நீளும், சுவர்கள் நெருங்கி வரும், கடைசியில் கூரைகூடத் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடும். மகனுடைய புகைப்படத்தைக் கிழித்துவிட்டு ஒரு மனிதர் உடைந்து அழும் நேரத்தில் எனக்கே மூச்சு முட்டியது.

ஆனால் நான் பார்த்தது உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில். ஏதோ நேற்று வீடியோவில் எடுத்த தொடரைப் போல வழவழவென்று ஓடியது. இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், தயவுசெய்து கேளுங்கள்.

பேசும் படம் வந்த காலத்திலிருந்து திரைப்படம் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டங்களாகவே (ஃபிரேம்களாகவே) ஓடுகிறது. இன்றைய தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பித்துக்கொள்ளும். இடையில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புவதற்காக, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தானாகவே சட்டங்களைக் கற்பனை செய்து செருகிவிடுகிறது அந்தப் பெட்டி. மோஷன் ஸ்மூத்திங் என்று பெயர். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு பெயர் வைத்திருப்பதால் அமைப்புகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்தாட்டத்துக்கு அது உதவும். படத்துக்கு அது கேடு. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் எடுக்காத சட்டங்களை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2018இல் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு காணொளியே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு யு.எச்.டி. அலையன்ஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பை அறிவித்தது. உங்கள் பெட்டியில் அது இருந்தால் அதை அழுத்தினாலே போதும், மற்றவை தாமாக அணைந்துவிடும். இல்லையென்றால் மோஷன் என்ற சொல் வரும் எல்லாவற்றையும் அணையுங்கள், கூர்மையைக் குறையுங்கள், படத்தைத் திரை முழுக்க இழுத்து நிரப்பும் அமைப்பையும் நிறுத்துங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், அது படத்தின் உண்மையான வடிவம். அறையில் விளக்கை அணையுங்கள். ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள்.

கடைசி வரிசை சொன்ன படத்துக்கு இது இன்னும் முக்கியம். அந்த வீட்டு மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் வாழ்க்கையிலும் காது கேளாதவர். அவருடைய பார்வைக்குப் படம் மாறும்போது ஒலி அப்படியே அறுந்து போகும். மின்விசிறி இரைச்சலில் பார்த்தால் அந்த வேறுபாடே தெரியாது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள்.

தனிப்பறவை

தொலைக்காட்சி அமைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஒளிப்பதிவுப் பித்தன். மூச்சு முட்டியது என்றீர்களே, அதைப் பற்றி இன்னும் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நான் படிக்க விரும்பினேன். நல்ல படம் கோடு விழுந்த பிரதியிலும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

சான்று சொல்கிறேன். 'காதலிக்க நேரமில்லை', ஸ்ரீதர், 1964. மங்கிப்போன ஒரு பிரதியில் பார்த்தேன். செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. எல்லோரும் நாகேஷைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், தகும். ஆனால் இந்த முறை நான் பாலையாவை மட்டும் பார்த்தேன். அவருக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. கேட்பதுதான் வேலை. முதலில் பிள்ளை ஏதோ உளறுகிறான் என்ற அலட்சியம். பிறகு ஓர் ஆர்வம், அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வீம்பு. பிறகு அந்த வீம்பும் கழன்றுபோய், கண் ஓடும் இடமெல்லாம் பயம். நாகேஷ் எழுப்பும் ஓசைகளுக்கு உயிர் கொடுப்பது அந்த முகம். அந்த முகத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒருவர் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

நகைச்சுவைப் படங்களை யாருமே இப்படி உட்கார்ந்து பேசுவதில்லை. அழுதால்தான் கலை என்று எப்போது முடிவு செய்தார்கள்?

நள்ளிரவு ரசிகை

பழைய ரீல் ஐயா, நீதிபதி நாற்காலியைப் பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றவில்லை, உண்மையிலேயே அழகான கவனிப்பு. ஆனாலும் நான் இறங்கி வரப்போவதில்லை. பெற்றோர் இருவரும் பேசுகிறார்கள், வழக்காடுகிறார்கள், கத்துகிறார்கள். படம் முழுக்க மற்றவர்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் பேசப்போகும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அதற்கு ஆழம் என்று பெயர் வைத்தால் நான் ஏற்க மாட்டேன்.

மழைக்கால வாசகி

'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தேன். ஒசு, 1953. எல்லோரும் மூத்த மகள் ஷிகேயைத் திட்டுவார்கள் என்று தெரியும். தாயின் இறுதிச்சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே அம்மாவின் அந்தக் கிமோனோ எனக்கு வேண்டும், அந்த இடைப்பட்டை எனக்கு வேண்டும் என்று கேட்கிறாளே, அவளைத்தான். ஊரிலிருந்து புறப்படும்போதே துக்க உடையை எடுத்துக்கொண்டு வந்தவள்.

எனக்கு அவள்மேல் வெறுப்பு வரவில்லை. அதற்கு முன்னால் தாயின் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதவளும் அவளேதான், அந்த அழுகையில் பொய் இல்லை. அழுகிறாள், துடைத்துக்கொள்கிறாள், கிமோனோ கேட்கிறாள், ரயிலைப் பிடிக்கிறாள். கடை நடத்துகிறவளுக்கு நாளைக்கு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாவிலும் இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. படம் பார்த்த பிறகு முடிகிறது.

கடைக்குட்டி கியோகோ கொதிக்கிறாள். மருமகள் நோரிகோதான் அவளைச் சமாதானப்படுத்துகிறாள்: பிள்ளைகள் வளர்ந்தால் பெற்றோரிடமிருந்து விலகத்தான் செய்வார்கள், அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை வந்துவிடுகிறது, நானும் அப்படி ஆகலாம். வாழ்க்கை ஏமாற்றம்தானா என்று கியோகோ கேட்கிறாள். நோரிகோ சிரித்துக்கொண்டே ஆமாம் என்கிறாள். எதற்குச் சிரித்தாள்? யாராவது சொல்லுங்கள். காமிரா தரையோடு தரையாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, உதவிக்கு வருவதில்லை.

பழைய ரீல்

மழைக்கால வாசகி, ஷிகேயை இவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள். தாய் உயிரோடு இருந்தபோது நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் வந்து தங்கியது இடைஞ்சல் என்று அவர்களை அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வைத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. அங்கே விடுதிச் சத்தத்தில் இருவருக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்கிறீர்கள். நோரிகோவுக்கும்தான் வேலை இருக்கிறது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, போரில் போய்விட்ட கணவனின் பெற்றோரை நகரம் சுற்றிக் காட்டினாள். ஓர் அறை வீட்டில் மாமியாரைப் படுக்க வைத்துத் தோள் பிடித்துவிட்டாள். ஆக, நேரம் இல்லை என்பது காரணம் அல்ல.

மின்மினி

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பற்றி எழுத வந்தேன். இசாவோ தகஹாதா, 1988. ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி கதையின் நாயகனான பையன் செத்துப்போவதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவை ஒரு ஊழியர் இருட்டில் வீசி எறிகிறார். டப்பா திறந்து எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. அது யாருடைய எலும்பு என்று அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, தங்கை அந்த டப்பாவைக் குலுக்கிச் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் எனக்கு அந்த எறிதல்தான் கண்ணில் வந்தது.

மூலக் கதையை எழுதிய அகியுகி நொசாகா போர்க்காலத்தில் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். அதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் மாறாகச் சொல்வேன், தெரிந்துகொண்டே பாருங்கள். ஓவியப் படம் என்பதால் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள், முதலில் பெரியவர்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜப்பானியத் திரையரங்குகளில் இதையும் 'மை நெய்பர் டொட்டொரோ'வையும் சேர்த்தே ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். வீட்டில் பார்ப்பதானால் டொட்டொரோவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப்பறவை, அழுதால்தான் கலையா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் இந்தப் படத்தில் எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் என்னை உலுக்குகிறது. அந்தப் பையன்மேல் கோபம் வந்தது. அத்தை வீட்டை விட்டு ஏன் வெளியேறினாய், ஏன் தலை குனிந்து திரும்பிப் போகவில்லை என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவனும் குழந்தைதான் என்பது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

கடைசி வரிசை

மின்மினி, அத்தையின் பேச்சையும் நினைத்துப் பாருங்கள். சோற்றுக்கு வழி தேடாதவன் என்று நாளெல்லாம் குத்தினாள், தாயின் கிமோனோக்களை அரிசியாக மாற்றி அதிலும் தனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள். அந்த வயதில் நானும் வெளியேறித்தான் இருப்பேன்.