பிள்ளைகளோடு தண்ணீர்ப் பூங்கா போனவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை:
காலாண்டு லீவில் கோவை பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போனோம். மூத்தவனுக்கு 6 வயது, சின்னவளுக்கு 3. நீடாமங்கலத்தில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் கோவை, அதனால் ரயிலுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இரண்டு பக்கமும் தடவிய இட்லி, மறுநாள் மதியத்துக்கு ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு என்று கட்டினேன். இட்லி தஞ்சாவூர் வருவதற்குள் தீர்ந்தது. புளிச்சோறுதான் வாசலில் மாட்டிக்கொண்டது. வெளிச் சாப்பாடு கூடாதாம், கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் மட்டும் விடுவார்களாம். டிக்கெட்டிலேயே போட்டிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. கொட்ட மனசு வருமா? வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கு நாலு வாய் தின்றுவிட்டு, மீதியை வேன்கார அண்ணனிடம் கொடுத்தேன்.

உள்ளே போய்த் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஆடினால் பிள்ளைகளுக்கு அப்படிப் பசிக்கிறது! வீட்டு வழக்கப்படி ஒரு மணிக்குச் சாப்பிடலாம் என்றிருந்தோம், ஊரே அந்த ஒரு மணிக்குத்தான் வரிசையில் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டு கைக்கு வந்தபோது சின்னவள் ஈரத்துணியோடு என் தோளில் தூங்கிவிட்டாள், மூத்தவன் ஃப்ரைடு ரைஸ் காரம் என்று அழுதான். அவன் அன்று தின்றது ஒரு ஐஸ்கிரீமும் அரை பாக்கெட் சிப்ஸும்தான்.

தஞ்சாவூர்க்காரன்:
எங்களுக்கும் முதல் தடவை இதே கதைதான் தங்கச்சி. அடுத்த தடவை பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிட்டோம். ஹால் காலி, சோறு சூடு, பிள்ளைக்குக் காரமில்லாமல் வெறும் சாதமும் தயிரும் கொடுங்கள் என்றால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கூட்டம் சாப்பிட வருகிற நேரத்தில் ராட்டினங்களில் வரிசை குறைந்துவிடும், நமக்கு அது லாபம். ஆனால் தின்ற கையோடு சுற்றுகிற எதிலும் ஏற்றாதீர்கள். என் பெரியவள் மசால் தோசை தின்றுவிட்டு ஏறினாள், அப்புறம் என் சட்டை இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய்வர விடுவார்களா என்று முன்னாடியே போன் போட்டுக் கேளுங்கள். விட்டால் நாலு மணிப் பசிக்கு வேனில் பூவன் பழம் ஒரு சீப்பு போதும்.

மாயவரத்து அப்பாயி:
நான் ராட்டினம் ஏறாத ஆள், பைகளுக்குக் காவல். எங்கள் வீட்டில் சென்னைப் பக்கம் போகும்போது விடியற்காலையில் வேனில் கிளம்புவோம், வாசலுக்குப் போகுமுன்னே பிள்ளைகள் வயிறு நிறைந்திருக்கும். தேங்காய்ச் சாதம் கட்டாதீங்க, வெயிலில் ஊசிப்போகும். தயிர்சாதம்தான், ஆனால் தயிரைக் கொட்டிப் பிசையாமல் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, தயிர் உறைக்கு மட்டும் விட்டால் ரொம்ப நேரம் புளிக்காது.

வெண்ணாற்றங்கரை:
அளவு சொல்லுங்க அப்பாயி, அரையாண்டு லீவுக்கு மறுபடி கிளம்புகிறோம்.

மாயவரத்து அப்பாயி:
ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு பால், ஒரு ஸ்பூன் தயிர். உப்பு கொஞ்சம் குறைச்சலாகவே போடு.