இன்டர்வியூ ரூமுக்குள்ள போன முதல் ரெண்டு நிமிஷம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திண்டுக்கல் அண்ணன்
தங்கச்சி ஐபிபிஎஸ் பிஓ (பேங்க் ஆபீசர் வேலைக்கான பரீட்சை) மெயின்ஸ் பாஸ் பண்ணிட்டா. அடுத்தது இன்டர்வியூ. மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20ன்னு சேர்த்துத்தான் கடைசி லிஸ்ட் போடுவாங்களாம். யாரைக் கேட்டாலும் "லைட் கலர் சுடிதார், சிரிச்ச முகம், நல்ல இம்ப்ரெஷன்"னு இதையேதான் சொல்றாங்க. நிஜமா உள்ள போய்ட்டு வந்தவங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்களேன்.

கும்பகோணம் வங்கி ஊழியர்
டிரெஸ்ஸைப் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம் தம்பி. சர்டிபிகேட் சரிபார்க்கிற டேபிள்ல வரிசையா எடுத்துக் கொடுத்தாலே பாதிப் பதற்றம் போயிடும்.

உள்ள போனதும் முதல் கேள்வி, உங்களைப் பத்திச் சொல்லுங்க. எனக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் வெளியில உக்காந்து ஒரே மாதிரி இங்கிலீஷ் பாராவை முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க: கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போவேன், இன்ன பிற. நான் பேரு, படிப்பு சொல்லிட்டு, "அப்பா திருபுவனத்துல பட்டு நெசவாளர், சொசைட்டிக்கு நெய்றார்"னேன். அதுவரைக்கும் என் ஃபார்மைப் புரட்டிட்டிருந்த ஓரத்து சார் நிமிர்ந்து பார்த்தார். "பாவும் ஜரிகையும் யார் தர்றா? கூலி எப்படிக் கணக்கு? தறி வாங்கப் பணத்துக்கு எங்க போவார்?" வரிசையா கேள்வி. இதெல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில தினம் ஓடுற பேச்சு! அங்கிருந்து முத்ரா கடனுக்குப் போனார், சிறு தொழில் பண்றவங்களுக்கான அரசுத் திட்டக் கடன். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரைன்னு சொன்னேன் (இப்ப தருண் பிளஸ் வந்து 20 லட்சம் வரை போகுது, தங்கச்சி அதையும் பார்த்து வச்சுக்கட்டும்). "உங்க தெருவுல இதை வாங்கினவங்க ஒழுங்கா கட்டறாங்களா?"ன்னார். "முகூர்த்த சீசன்ல கட்டிடுவாங்க, ஆடியில இழுப்பாங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ரிப்போ ரேட் (பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டி) மாதிரி நான் பயந்த கேள்விக்கெல்லாம் அவங்க வரவே இல்ல.

நாம சொல்ற முதல் நாலு வரிதான் அடுத்த பத்து நிமிஷக் கேள்வி. அந்த நாலு வரியில நமக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருந்தாப் போதும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்
எங்க துறையில பேச்செல்லாம் அப்புறம்தான், முதல்ல டெமோ கிளாஸ். நான் போனப்ப போர்டு முழுக்க முந்தின பீரியட் கணக்கு. அதை அழிச்சுட்டு, ஒரு வரி எழுதி, கடைசி பெஞ்சுப் பையன்கிட்ட "தெரியுதாப்பா?"ன்னேன். "ஜன்னல் வெளிச்சம் அடிக்குது மிஸ்"னான். எழுதினதை இடது பக்கம் மாத்தி எழுதினேன். பாடத்தை ஆரம்பிக்கிறதுக்குள்ளயே பின்னாடி உக்காந்திருந்த பிரின்சிபால் ஏதோ குறிச்சுக்கிட்டாங்க.

ஓஎம்ஆர் ஹெச்ஆர்
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. முதல் பார்வையை நாங்களே முழுசா நம்புறதில்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு 2006ல வந்துச்சு. முகத்தை நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் நம்பகமானவரா, திறமைசாலியான்னு ஆளுங்க முடிவு கட்டிடறாங்க. கூடுதல் நேரம் கொடுத்தா அந்த முடிவு பெருசா மாறல, நாம சொன்னது சரிங்கிற நம்பிக்கைதான் கூடுது. அதனாலதான் எங்க டீம்ல எல்லாருக்கும் ஒரே கேள்வி. மார்க்கைத் தனித்தனியா எழுதி முடிச்ச பிறகுதான் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவோம்.

வாசல்ல செக்யூரிட்டிகிட்ட எப்படிப் பேசினார்னு விசாரிச்சு வேலை கொடுத்த கதையெல்லாம் வாட்ஸ்அப்போட சரி. நான் இருந்த எந்த ஆபீஸ்லயும் அப்படிக் கேட்டதில்ல. ஆனா ஆன்லைன் இன்டர்வியூன்னா முதுகுப் பக்கம் ஜன்னல் வேணாம், முகம் கறுப்பா நிழலாத்தான் தெரியும். ஸ்க்ரீன்ல உங்க பேர் என்னன்னும் பாருங்க. ஒரு பையன் "அம்மா புது போன்"ங்கிற பேர்ல வந்தான். "அம்மா வெளிய இருக்காங்க சார், நான்தான் கேண்டிடேட்"னான். நல்லாவே பேசினான், எடுத்தோம்.

ஸ்டாஃப் நர்ஸ், சேலம்
ஹெச்ஆர் சார், எல்லாருக்கும் ஒரே கேள்வியா? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எனக்கு முதல் கேள்வியே "கல்யாணம் எப்பம்மா?" கூட வந்த ஆம்பளை நர்ஸ்கிட்ட அதைக் கேக்கல. "மூணு ஷிஃப்டும் பார்ப்பேன் சார், அதை வேணா எழுதித் தரேன். ஐசியூ அனுபவம் ஃபைல்ல ரெண்டாவது பக்கத்துல இருக்கு"ன்னேன். அதுக்கப்புறம்தான் ஃபைலையே திறந்தார். ஆர்டர் வந்துச்சு, நான் போகல. அவங்க நம்மளப் பார்க்கிற அதே நேரத்துலதான் நாமளும் அவங்களப் பார்க்கிறோம்.

ஓஎம்ஆர் ஹெச்ஆர்
நியாயம்தான் சிஸ்டர். அப்படிக் கேக்கவே கூடாது.

திண்டுக்கல் அண்ணன்
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி படிச்சுட்டு, மனப்பாடம் பண்ணி வச்சிருந்த இன்ட்ரோவை அடிச்சுட்டு உக்காந்திருக்கா. எங்க வீட்ல பூட்டுப் பட்டறை. தாத்தா காலத்துல இருந்து மாங்காய்ப் பூட்டு பண்றோம். இதைச் சொன்னா எடுபடுமா சார்?

கும்பகோணம் வங்கி ஊழியர்
எடுபடுமாவா! திண்டுக்கல் பூட்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, கண்டிப்பா அதைத் தொடுவாங்க. அப்படியே சிறு குறு தொழில் பக்கம் போவாங்க. எவ்வளவு வரைக்கும் குறு நிறுவனம்னு சொல்ற வரம்பு 2025 ஏப்ரல்ல மாறிடுச்சு. இப்ப முதலீடு 2.5 கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை. பழைய கோச்சிங் நோட்ஸ்ல 1 கோடி, 5 கோடின்னு இருக்கும், அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. பட்டறைக்குக் கடன் இருந்தா வட்டி எவ்வளவுன்னு அப்பாகிட்ட கேட்டு வச்சுக்கட்டும்.