கட்டைவிரல் அறுவைச் சிகிச்சை: கம்பி எடுத்தாயிற்று, விரல் மடங்க மறுக்கிறது

கத்தரிக்காரன்:
வணக்கம். ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 44. ஏழு வாரங்களுக்கு முன் மழையில் ஸ்கூட்டர் சறுக்கியது. கைப்பிடியை விடாமலே விழுந்ததில் வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, எலும்பு உடைந்துவிட்டது. பென்னட் முறிவு என்றார்கள். இரண்டு கம்பிகள் செருகி, முழங்கைக்குக் கீழிருந்து விரல் வரை மாவுக்கட்டு. ஐந்தாம் வாரம் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கம்பியை உருவினார்கள். இப்போது கழற்றி மாட்டும் பட்டை.

விரல் விறகுக்கட்டையாக இருக்கிறது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தொடுகிறது. மோதிர விரலுக்குப் போவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைகிறது, ஆனால் விரிக்க வரவில்லை. பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார்கள். எவ்வளவு வலித்தால் நிறுத்த வேண்டும் என்று அதில் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினெட்டு ரவிக்கைத் துணிகள் காத்துக் கிடக்கின்றன. தோல் உரிந்து ரேஷன் கடையில் ரேகை கூடப் பதியவில்லை.

கடைசி பெஞ்ச்:
நல்லெண்ணெய் தடவி, பழகிய ஆளிடம் கொடுத்து ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். என் மாமாவுக்கு ஒரே நாளில் சரியானது.

பிசியோ அக்கா:
எண்ணெய் தடவலாம், தழும்பு இளகும். இழுப்பு மட்டும் வேண்டாம். அந்த எலும்பைப் பக்கவாட்டில் இழுக்கும் தசைநார் ஒன்று அங்கேயே இருக்கிறது. உடைந்த எலும்பு விலகியதே அதனால்தான். அதை நிறுத்தத்தான் கம்பி வைத்தார்கள்.

அண்ணா, ஐந்து வாரம் அசையாமல் இருந்த மூட்டு இரண்டு வாரத்தில் இளகாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் மடிப்பும் சுருங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்துவிட்டு, கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொடுங்கள். பிறகு பெரிய டம்ளரைப் பிடிப்பது போல விரித்துப் பிடியுங்கள். கொஞ்சமாக, நாளுக்கு நான்கைந்து முறை. செய்யும்போது வலித்து அரைமணியில் அடங்கினால் சரி. மறுநாள் காலை வீங்கியிருந்தால் முந்தைய நாள் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கத்தரிக்கோலை மருத்துவர் சொல்லும்வரை தொடாதீர்கள். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தினால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்கும். கம்பி இருந்த இடத்தில் சிவப்போ சீழோ, அல்லது தீப்பட்டது போன்ற எரிச்சலும் தோலில் பளபளப்பும் தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் போய்விடுங்கள்.

சாக்பீஸ்:
ஆசிரியர் நான், இதே முறிவு. கரும்பலகையில் முழுப் பக்கம் எழுத மூன்று மாதம் ஆயிற்று. எட்டாவது வாரத்துக்கு மேல் மருத்துவர் சம்மதித்ததும் சப்பாத்தி மாவைப் பிசையத் தொடங்கினேன். வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் செய்த தப்பு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தது. மாலையில் விரல்கள் பணியாரம் போல உப்பிவிடும். உட்கார்ந்தால் தலையணை மேல் வையுங்கள். ரேஷன் கடையில் இடது கை விரலை வைத்துப் பாருங்கள்.

கத்தரிக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று மோதிர விரலைத் தொட்டுவிட்டேன்! வீக்கமும் குறைந்திருக்கிறது. பக்கத்துக் கடைத் தம்பி வெட்டித் தருகிறான். முதல் ரவிக்கையிலேயே கைக்குழியை அரை அங்குலம் கூட்டி வெட்டிவிட்டான், ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன். தைக்கும்போது துணியை வலது கையால் தள்ளலாமா அக்கா?

பிசியோ அக்கா:
பட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் தள்ளுங்கள். துணியைக் கிள்ளிப் பிடிக்க வேண்டாம். அரைமணிக்கொரு முறை எழுந்துவிடுங்கள்.