நண்டு நெபுலா படத்தை வைத்து என்ன நடத்தலாம்?

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு சூப்பர்நோவா எச்சம் (வெடித்த விண்மீனின் மிச்சம்) நடத்துகிறேன். படத்தைக் காட்டினால் "சூப்பர் சார்" என்பதோடு சரி. அளந்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?

பதில்: நண்டு நெபுலாதான் தோது. முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு படங்களை ஒரே அளவில் அச்சடியுங்கள். சுற்றியுள்ள விண்மீன்களைப் பொருத்திவிட்டு, நடுவிலுள்ள பல்சாரிலிருந்து (வெடிப்பில் மிஞ்சிய, வேகமாகச் சுழலும் விண்மீன்) ஒரு வாயு இழையின் நுனிவரை ஸ்கேலால் அளக்கட்டும். நகர்வு சில மில்லிமீட்டர்தான், பென்சிலைக் கூராகச் சீவச் சொல்லுங்கள். தூரத்தை ஆண்டு நகர்வால் வகுத்தால் வயது; படமெடுத்த ஆண்டிலிருந்து அதைக் கழித்தால் வெடித்த ஆண்டு. சீனர்கள் வெடிப்பைப் பார்த்தது 1054இல். ஆனால் கவனமாக அளந்தாலும் கணக்கில் வரும் வெடித்த ஆண்டு 1100ஐத் தாண்டிவிடும். பல்சார் உள்ளிருந்து தள்ளி இழைகளின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது, அதனால்தான்.

இன்னொருவர்: காசியோப்பியா ஏ என்ற இன்னொரு எச்சத்தைக் காட்டினால், சந்திரா எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தின் நிறங்கள் எக்ஸ்ரே ஆற்றலுக்குக் கொடுத்தவை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: அந்த 1100 போதும், ஒரு பீரியட் ஓடிவிடும்.