தீப்பிடித்த வீட்டில் மர வேலைக்குப் போனபோது

மரம் என்றால் பற்றிக்கொள்ளும், இரும்பு போட்டால் பயமில்லை என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மொட்டைமாடி), மின்கசிவில் பின்கட்டு எரிந்துபோய் மர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேக்கு உத்தரங்கள் முதலைத் தோல் மாதிரி கரிந்து வெடித்திருந்தாலும் ஒன்றுகூடத் தொங்கவில்லை, பிற்பாடு ஒட்டிப் போட்ட தகர ஷெட்டின் இரும்பு ஆங்கிள்கள்தான் முறுக்கிக்கொண்டு தரைக்கு வந்திருந்தன.

ஆசாரி உளியால் சுரண்டினார். விரற்கடைகூட இல்லை கரி, அதன் கீழே மெல்லிசாகப் பழுப்பு, அப்புறம் அன்றைக்கு அறுத்த தேக்கின் நிறம். கனமான மரத்தில் கரியே போர்வையாகிவிடும், சூடு உள்ளே இறங்க நேரமாகும். ஐரோப்பியக் கட்டடக் கணக்கில் கெட்டி மரத்துக்கு நிமிடத்துக்கு 0.5 மில்லிமீட்டர் கரியும் என்றே வைத்திருக்கிறார்கள். இரும்போ 600 டிகிரியில் பாதி பலத்துக்கும் மேல் இழந்துவிடும்.

ஆனால் அதே வீட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அடித்திருந்த மெல்லிய ப்ளைவுட்டில் ஆணி மட்டும்தான் மிச்சம். இரண்டு பக்கமும் சூடு ஏறினால் அதில் கரி கட்ட ஏது கனம்?

வீட்டுக்காரர் இனி தீ தாங்கும் ப்ளைவுட்தான் வேண்டும் என்றார். சரி, வாங்கலாம், ஆனால் பலகையில் ஐ.எஸ். 5509 என்று, அதாவது தீ தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண், அச்சடித்திருக்க வேண்டும். 303, 710 எல்லாம் தண்ணீர் தாங்குவதற்கான கணக்கு, கடைக்காரர் மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவார். தீ தாங்கும் பலகையில் அம்மோனியம் பாஸ்பேட் மாதிரி உப்புகளையோ போரிக் அமிலத்தையோ அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றியிருப்பார்கள். சூடு பட்டதும் எரிகிற வாயு குறைந்து கரி சீக்கிரம் கட்டும், பற்றவே பற்றாது என்று அர்த்தமில்லை. வெண்காரத்தைக் கரைத்து பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூசிவிட்டு தீ தாங்கும் பலகை என்றே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது தோலோடு நின்றுவிடும். இத்தனையும் பார்த்து வாங்கிய பலகை மேல் தின்னர் கலந்த பாலிஷை அடுக்கடுக்காக ஏற்றினால் தீ அந்தப் பாலிஷிலேயே ஓடும், எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

சாரல் அடிக்கிற பால்கனிக்கும் அதே பலகையைக் கேட்டார். வேண்டாம் சார் என்றேன், சாதாரண ரகப் பலகையில் ஏற்றிய உப்பு மழையில் கரைந்து வெளியே வந்துவிடும். உத்தரங்களைக் கரி சுரண்டி, மிச்சக் கனத்தை இன்ஜினியர் அளந்து பார்த்தார். சுவரில் செருகிய நுனி கரிந்ததை மட்டும் மாற்றினோம்.