புது லாரிக்கு செராமிக் கோட்டிங் தேவையா, வேஸ்ட்டா?

திருச்செங்கோடு 12 சக்கரம்:
எல்லாருக்கும் வணக்கங்க. புதுசா 12 சக்கர வண்டி எடுத்திருக்கோம். சேஸ், அதாவது பாடி கட்டாத வண்டி, ஓசூர்ல இருந்து தொப்பூர் இறங்கி ரோட்டுலயே ஓட்டிட்டு வந்தாங்க, இப்ப நாமக்கல் பட்டறைல பாடி கட்ட நிக்குது. கேபின் கம்பெனி பெயிண்ட்டோட வந்தது, நல்ல பிரவுன் கலர், அத அப்படியே காப்பாத்தணும்னு ஆசை. ஒரு டீடெயிலிங் கடைல கேட்டேன், கேபினுக்கு மட்டும் செராமிக் கோட்டிங், பெயிண்ட் மேல பூசற மெல்லிசான கெட்டிப் பூச்சு, 40,000 ரூபா, 5 வருசம் வாரண்டி, 9 ஹெச் ஹார்ட்னஸ், கல்லு தெறிச்சாலும் கீறல் விழாதுங்கறாங்க. எங்கப்பா அதெல்லாம் கார்காரங்களுக்குங்கறார். லோடு அதிகமும் அரியலூர் சிமெண்ட், அப்பப்ப தூத்துக்குடி போகும். போடலாமா வேண்டாமா?

சங்ககிரி லாரிக்காரர்:
தம்பி அப்பா பேச்ச கேளு. 40,000ன்னா ரெண்டு டயர் காசு. லாரி ரோட்டுல நிக்கிற ஜாமான், வெயில்ல காயும், மழைல நனையும், கிரஷர்ல நின்னா முழுக்க தூசி. 8 வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), அப்புறம் வருசா வருசம், ஒவ்வொரு எஃப்சிக்கும் பெயிண்டர் எப்படியும் வண்டிய தொடத்தான் போறார், அப்புறம் எதுக்கு இந்த கோட்டிங். எங்க வண்டிங்கள்லாம் வாரத்துக்கு ஒரு வாட்டி தண்ணில கொஞ்சம் டீசல் கலந்து துணில துடைச்சு விடுவாங்க, பளபளன்னு நிக்கும். அது போதும்.

கோவை டீடெயிலர்:
நானே இந்த தொழில்ல இருக்கறவன், அதனால நேராவே சொல்லிடறேன். கல்லு தெறிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன கடைக்கு போகாதீங்க, அது பொய். 9 ஹெச்ங்கறது பென்சில் வெச்சு கீறிப் பாக்கற டெஸ்ட், நம்ம ஸ்கூல்ல வாங்கற 2 ஹெச், ஹெச்பி பென்சில் வரிசைலயே கடைசி கெட்டி பென்சில், அவ்ளோதான். கோட்டிங் கனம் ஒண்ணு ரெண்டு மைக்ரான் வந்தா பெருசு, மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. கம்பெனி பெயிண்ட்ல கலருக்கு மேல அடிக்கற நிறமில்லாத பூச்சு, கிளியர்னு சொல்வோம், அதுவே சுமாரா 40 மைக்ரான், அதையே ஜல்லிக்கல்லு உடைச்சிட்டு போயிடுது, ஒரு மைக்ரான் என்ன பண்ணும்.

ஆனா வேஸ்ட்டுன்னு அண்ணன் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க ஏத்தறது சிமெண்ட். சிமெண்ட் தூசி கேபின் மேல உக்காந்து, விடியக்காலைல பனி இறங்கினா அது சுண்ணாம்பு காரமா மாறி பெயிண்ட்ட கடிக்கும், காய்ஞ்சு இறுகிப் போச்சுன்னா தேய்ச்சாலும் வராது, தேய்ச்சா கீறல்தான் வரும். கோட்டிங் இருந்தா அது கெட்டியா ஒட்டாது, தண்ணி அடிச்சாலே பாதி போயிடும். வெயில்ல கலர் மங்கறதும் மெதுவாத்தான் நடக்கும். கழுவற வேலைய குறைக்கத்தான் கோட்டிங், கவசம்னு நெனச்சு போடாதீங்க.

அப்புறம் அந்த டீசல் துடைப்பு, தயவுசெஞ்சு வேண்டாம். எண்ணெய் பசை நிக்கறதால வர்ற பளபளப்பு அது, அடுத்த அம்பது கிலோமீட்டர்ல ரோட்டு தூசி எல்லாம் அதுல வந்து ஒட்டும், அடுத்த வாரம் அதே தூசிய துணில வெச்சு தேய்ப்பீங்க. கதவு ரப்பர், கண்ணாடி பீடிங் ரப்பர் எல்லாம் டீசல் பட்டு உப்பி தொளதொளன்னு ஆகும்.

சங்ககிரி லாரிக்காரர்:
எங்கப்பா காலத்துல இருந்து துடைக்கறோம், எந்த வண்டி பெயிண்ட்டும் உரிஞ்சு விழலைங்க. கடைக்காரர் கோட்டிங் விக்கணும், அதனால டீசல் ஆகாதுங்கறார்.

நாமக்கல் பட்டறை பெயிண்டர்:
ரெண்டு பேரும் கோட்டிங், டீசல்னு மோதிக்கறீங்க, வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு யாருமே பாக்கல. பட்டறைல நிக்குது. புது கேபினுக்கு முதல் ஆபத்து ரோட்டுல இல்லைங்க, பட்டறைல. பாடி கட்டும்போது பின்னாடி கிராஸ் மெம்பர், சைடு ஆங்கிள் எல்லாம் வெட்டி வெல்டு வெப்பாங்க, கிரைண்டர் போடும்போது பறக்கற பொறி சூடா வந்து கேபின் பின்பக்கம், கூரை மேல விழுந்து கிளியர்ல உருகி உக்காந்துக்கும். அன்னிக்கு கண்ணுக்கு தெரியாது, கையால தடவினா மணல் தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஒரு மழை பெஞ்சதும் ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும். ஓனர் வந்து கம்பெனி பெயிண்ட்டே சரியில்லைன்னு சண்டை போடுவார். முன் கண்ணாடில பொறி விழுந்தா அதுலயும் குத்திக்கும், வைப்பர் ஓடும்போது கிரக் கிரக்னு சத்தம் வரும்.

அதனால தம்பி, நாளைக்கே பட்டறைக்கு போய் வெல்டிங் ஆரம்பிக்கறதுக்குள்ள கேபின மூடச் சொல்லுங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பொறி பட்டா உருகி பெயிண்ட்டோட ஒட்டிக்கும். கெட்டி துணித் தார்பாய் போட்டு அது மேல நனைச்ச சாக்கு. கிரைண்டர் பொறி கேபின் பக்கம் பறக்காம வெளிப்பக்கம் திருப்பிப் புடிக்க சொல்லுங்க. இதுக்கு சாக்கு செலவுதான், கோட்டிங்க விட இதுதான் பெயிண்ட்ட காப்பாத்தும்.

திருச்செங்கோடு 12 சக்கரம்:
அண்ணா சைடு ஆங்கிள் போன வாரமே வெல்டு வெச்சுட்டாங்க, கேபின் மேல ஒண்ணும் மூடின மாதிரி தெரியல. இப்ப என்னங்க பண்றது?

கோவை டீடெயிலர்:
பெயிண்டர் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இப்பவும் கெட்டுப் போகல. தண்ணி அடிச்சு நல்லா கழுவிட்டு, நிழல்ல வெச்சு, அயர்ன் ரிமூவர்னு ஒரு ஸ்ப்ரே இருக்கு அத அடிங்க, இரும்புத்துகள் இருக்கற இடமெல்லாம் ஊதா கலர்ல கரைஞ்சு ஒழுகும். காய விடாம ரெண்டு மூணு நிமிசத்துல கழுவிடணும். மிச்சம் சொரசொரப்பு இருந்தா கிளே பார், அழுக்க ஒட்டி எடுக்கற களிமண் மாதிரி கட்டி. ஷாம்பூ தண்ணி வழுக்கலா விட்டு மெதுவா தேய்க்கணும், காய்ஞ்ச பெயிண்ட் மேல தேய்ச்சா நீங்களே கீறல் போட்டதா ஆகும். உருகி ஆழமா உக்காந்த பொறி ஒண்ணு ரெண்டு வராது, அத விட்டுருங்க, பாலிஷ் போட்டு எடுக்கறேன்னு கிளியர காலி பண்ண வேண்டாம். இதெல்லாம் முடிஞ்சாத்தான் வேக்ஸோ கோட்டிங்கோ எது போட்டாலும் அர்த்தம்.

நாமக்கல் பட்டறை பெயிண்டர்:
இன்னொண்ணு, கேபினுக்கு போடற அதே கோட்டிங்க ஆசைப்பட்டு பாடிக்கும் சேத்து போட்டுறாதீங்க. கேபின் ஃபேக்டரில சுமாரா 140 டிகிரி சூட்டுல வெந்து வந்த பெயிண்ட், டெலிவரி எடுத்த அன்னிக்கே வேக்ஸ் போடலாம். பாடி அப்படி இல்ல, நாங்க அடிக்கறது எனாமலோ ஹார்டனர் கலந்த பி.யூ. பெயிண்ட்டோ, காத்துல காயறது. தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இருக்கற தின்னர் வெளிய போக வாரக்கணக்குல ஆகும். அதுக்குள்ள மேல கோட்டிங் போட்டு மூடினா மங்கிடும், கொப்புளம் வரும். பாடிக்கு ரெண்டு மூணு மாசம் வெறும் தண்ணி வாஷ் மட்டும். சங்ககிரி அண்ணன் கோவிச்சுக்க கூடாது, புது எனாமல் மேல டீசல் பட்டா பெயிண்ட் இளகி கெளம்பிடும், அது நான் கையில புடிச்சு பாத்தது. ரிஃப்ளெக்டர் டேப் ஓரமும் டீசல்லதான் கெளம்பும், அப்புறம் எஃப்சில அதுக்கு நிறுத்துவாங்க.

அப்புறம் உங்க கேபினுக்கு கிளியர் இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க. சில கமர்ஷியல் வண்டில பிளெய்ன் கலருக்கு கிளியர் இல்லாம ஒரே கோட்டா வரும். மறைவான எடத்துல வெள்ளைத் துணில துளி பாலிஷ் தொட்டு தேய்ங்க, துணில பிரவுன் கலர் ஒட்டினா கிளியர் இல்லைன்னு அர்த்தம். அதுக்கு வருசா வருசம் ரப்பிங் போட்டா கலரே தேய்ஞ்சு பிரைமர் தெரியும்.

தூத்துக்குடி டிரெய்லர்:
அண்ணாச்சி எல்லாரும் மேல்பூச்சு பத்தியே பேசுதீங்க. எங்க ஊருக்கு வர்ற வண்டி மேல இருந்து கெடாது, கீழ இருந்துதான் கெடும். ஹார்பர் ரோட்டுல உப்பளத்து காத்து, உப்பு லோடு ஏத்துன வண்டில இருந்து ஒழுகுற தண்ணி, அது கேபின் படிக்கட்டு, கதவு அடிப்பக்கம், வீல் ஆர்ச் உள்பக்கம் எல்லாம் போய் உக்காரும். வெளிய கண்ணாடி மாதிரி மின்னும், கதவ தொறந்து கீழ் மடிப்புல விரல விட்டா துருப்பொடி வரும். அந்த 40,000த்துல பாதிய வெச்சு அடில ஆன்டி ரஸ்ட் அடிங்க, கதவு உள்ள கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்கூட்டுல துருப்பிடிக்காம அடிக்கற மெழுகு, அடிங்க. அடிக்கும்போது கதவுக்கு கீழ தண்ணி வடியற ஓட்டைய அடைச்சிடாம பாத்துக்கோங்க, அடைச்சா தண்ணி உள்ளயே நின்னு இன்னும் சீக்கிரம் அரிக்கும். எங்க பக்கம் வந்துட்டு திரும்பும்போது நல்ல தண்ணி கிடைக்கற எடத்துல அடிப்பக்கம் ஒரு வாட்டி அடிச்சு விடுங்க.

சங்ககிரி லாரிக்காரர்:
இது பேச்சு. நான் சொல்றதும் இதத்தான், காசு போட்டா உருப்படியான எடத்துல போடணும். கோட்டிங் போட்டாலும் யாரு கழுவப் போறா? டிரைவரும் கிளீனரும் தாபால நிக்கும்போது அங்க இருக்கற போர் தண்ணிலதான் கழுவுவாங்க, கீழ கெடந்த பழைய பனியன எடுத்து தேய்ப்பாங்க. ஓனர் கூட உக்காந்து போக முடியுமா? நாலு மாசத்துல அந்த கோட்டிங் மேல சுண்ணாம்பு கறை வரி வரியா நிக்கும்.

கோவை டீடெயிலர்:
இதுல அண்ணன் சொல்றது நெசம், நான் மறுக்கல. உப்பு தண்ணி வெயில்ல காய்ஞ்சா கோட்டிங் மேலயும் வட்ட வட்டமா கறை நிக்கும், தண்ணி முத்து முத்தா நிக்கறதால சில சமயம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். ஆனா கழுவற ஆள் சரியில்லைங்கறதுக்காக பெயிண்ட்ட அப்படியே விட சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கிளீனர் தம்பிக்கு ரெண்டு பக்கெட்டும் நாலு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் குடுத்து, துடைக்கறதுக்கு முன்னாடி தண்ணிய அடிச்சு தூசிய இறக்குடான்னு ஒரு வாட்டி காமிச்சா போதும், நல்லாவே செய்வாங்க. சிமெண்ட் இறக்கினதும் முதல்ல காத்து அடிச்சு ஊதிடணும், அப்புறம் நெறைய தண்ணி. கொஞ்சமா தெளிச்சு துடைச்சா அது கலவை போட்ட மாதிரி. 40,000 எனக்கும் ஜாஸ்தின்னுதான் படுது. நல்ல சீலண்ட், வேக்ஸ் மாதிரி பெயிண்ட் மேல பூசறது, ஒரு பாட்டில் வாங்கி நாலு மாசத்துக்கு ஒரு தடவ நீங்களே போட்டாலும் கோட்டிங் வேலைல முக்கால்வாசி செய்யும்.

கல்லுக்கு பயந்தா பிபிஎஃப், பெயிண்ட் மேல ஒட்டற பாதுகாப்பு ஃபிலிம். அது 150, 200 மைக்ரான் கனம், உண்மையாவே தாங்கும். முழு கேபினுக்கும் ஒட்டினா காசு எங்கயோ போயிடும், கண்ணாடிக்கு மேல இருக்கற நெத்திப் பகுதி, கண்ணாடிக்கு ரெண்டு பக்கம் இருக்கற தூண், மிர்ரர் கூடு, கதவு கைப்பிடி குழி, இத மட்டும் ஒட்டுங்க.

நாமக்கல் பட்டறை பெயிண்டர்:
நெத்திக்கு ஒட்டறது நல்ல யோசனை. இல்லைன்னா கல்லடி பட்ட எடத்த அப்பப்ப பாத்து, தகரம் தெரிஞ்சா அன்னிக்கே பிரைமரும் டச்சப்பும் வெச்சுருங்க, சின்ன குச்சில தொட்டு வெச்சா போதும். பிரைமரோட நின்னிருந்தா அவசரம் இல்ல. அதோட பூஜைக்கு வெக்கற சந்தனம் குங்குமம், பொட்டு வெச்சுட்டு வாரக்கணக்குல வெயில்ல காய விடறீங்க, அந்த சிவப்பு பெயிண்ட்டுல எறங்கிடும். மறுநாள் ஈரத்துணில எடுத்துருங்க, சாமி கோவிச்சுக்காது. மாலை கட்டற கம்பி, பம்பர்ல தொங்கவிடற திருஷ்டி கயிறு, இதெல்லாம் ஓட ஓட ஒரே எடத்துல அடிச்சு அடிச்சு அந்த எடம் மட்டும் வெளுத்துப் போகும். கயிறு பெயிண்ட்ட தொடாத மாதிரி கட்டுங்க.

திருச்செங்கோடு 12 சக்கரம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்பாகிட்ட படிச்சு காமிச்சேன். முழு கோட்டிங் வேண்டாம்னு வெச்சுட்டோம். நெத்திக்கும் தூணுக்கும் ஃபிலிம், அடில ஆன்டி ரஸ்ட், கேபினுக்கு சீலண்ட் நாங்களே. டீசல் துடைப்பு மட்டும் அப்பா விட மாட்டேங்கறார், பாடிக்காச்சும் துடைக்கலாம்ங்கறார்.

சங்ககிரி லாரிக்காரர்:
சரியாத்தான சொல்றார். மூணு மாசம் போகட்டும், எனாமல் இறுகினதுக்கப்புறம் துடைச்சா என்ன ஆயிடும்?

நாமக்கல் பட்டறை பெயிண்டர்:
ரிஃப்ளெக்டர் டேப்பும் ரப்பரும் இருக்கற எடம் தவிர்த்து துடைச்சுக்கங்க அண்ணா, அதுக்கு மேல நான் சண்டை போடல. தம்பி, பின் கதவு வெல்டிங் இன்னும் பாக்கி இருக்கும், சாக்க எடுத்துட்டு காலைல சீக்கிரம் வந்துருங்க.